நிற்க, திரும்ப, படுக்க

எந்தக் கூண்டில் உறங்கினாலும் விழிக்கும்போது அந்தக் கூண்டின் அளவுக்கு ஆகிவிடுகிற நாய்க்குட்டி ஒன்று முத்தூரணியில் இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள், முத்தூரணிக்காரர்களோ "ஆமா, அதுக்கென்ன இப்போ" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டு தீப்பெட்டி விலையைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். அந்த ஊர் அப்படித்தான். எதுவாக இருந்தாலும் முதல் நாள் விசாரிப்பார்கள், மறுநாள் யோசனை சொல்வார்கள், அதற்கடுத்த நாள் அது ஆதியிலிருந்தே அங்கே கிடந்தது மாதிரி அதன் மேல் துணி காயப்போடுவார்கள்.

குட்டி சீனியம்மாளுடையது. சீனியம்மாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவள். கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையாமல் அண்ணன் செல்லத்துரை வீட்டிலேயே இருந்து அண்ணன் பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அந்தப் பிள்ளைகள் படித்து ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய், போன இடத்துக்கு அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொள்ள, அத்தனை பெரிய வீட்டில் தனியாக மிஞ்சியவள். "வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்லா தங்கச்சி, பூட்டிப் போட்டா கரையான் அரிச்சிரும்" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். கரையானுக்குக் காவலாகத் தன்னை வைத்துவிட்டுப் போகிறார் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை, பிறகுதான் தோன்றியது, தோன்றியபின் அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பொழுது சாய்ந்தால் வீடு இருண்டு கிடக்கக் கூடாதென்று எல்லா அறைகளிலும் விளக்கைப் போடுவாள், பிறகு கரண்டுச் செலவை நினைத்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவாள், கடைசியில் தையல் மிஷின் இருக்கிற பின்னறையில் மட்டும் வெளிச்சம் மிஞ்சும், அந்த வெளிச்சத்தில் சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொள்வாள்.

அண்ணன் மகன் நவநீதன் வாரத்துக்கு ஒருமுறை போன் போடுவான். அவன்தான் சொன்னான்: "அத்தை, துணைக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக்கிடுங்க. ஆனா வீட்டுக்குள்ள கண்ட இடத்துல படுக்க விடாதீங்க, கூண்டு வச்சுப் பழக்கணும். கூண்டு அளவுதான் முக்கியம். உள்ள நிக்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும். அதுக்கு மேல இடம் இருந்துச்சு, ஒரு மூலையில ஒண்ணுக்குப் போயிட்டு இன்னொரு மூலையில சுகமாப் படுத்துக்கிடும். அளவா இருந்தாத்தான் அடக்கி வைக்கப் பழகும்."

"சரிய்யா" என்றாள் சீனியம்மாள். சொன்ன சரிக்கும் செய்த காரியத்துக்கும் சம்பந்தமில்லாமல் போனதற்கு அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. முத்தூரணியில் எந்தப் பிள்ளைக்கும் அளவாகச் சட்டை தைத்த வரலாறு கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கும்போது கை விரலை மூடிக்கொண்டு தொங்கும் சட்டையோடு போகிற பிள்ளை தை மாதத்தில்தான் சட்டைக்குள் வந்து சேரும், அடுத்த வருஷம் உள்மடிப்பைப் பிரித்துவிட்டு அதையே போடும். "வளர்ற பிள்ளை, கொஞ்சம் தாராளமா விட்டுத் தைங்க" என்ற வாக்கியத்தைத் தன் ஆயுளில் கேட்ட அளவு அவள் தன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

ராஜபாளையம் பக்கத்திலிருந்து வெள்ளை நிறமும் ரோஜா நிற மூக்குமாக ஒரு குட்டி தக்காளிப் பெட்டியில் வந்து இறங்கியது. அவள் மூக்கையா ஆசாரியைக் கூப்பிட்டாள். தீப்பெட்டி ஆபீசுக்குச் சரக்குப் பெட்டி அடிக்கிறவர், பலகையைக் கண்ணால் பார்த்தே அறுக்கிறவர்.

"நிக்க, திரும்ப, படுக்க. அவ்வளவுதான் வேணுமாம் ஆசாரி."

ஆசாரி குட்டியைப் பார்த்தார். "அப்படின்னா ஒரு முழம் போதுமே."

"வளர்ற பிள்ளைல்லா! மாசத்துக்கு ஒரு கூண்டா செஞ்சுக்கிட்டு இருக்க முடியும்? கொஞ்சம் தாராளமாவே போடுங்க."

ஆசாரிக்கும் பிள்ளைகள் உண்டு, அந்தப் பிள்ளைகளுக்கும் விரல் மூடிய சட்டைகள் உண்டு. அவர் அவள் சொன்னதற்கு மேல் தன் பங்குக்கும் ஒரு சாண் கூட்டிக் கன்றுக்குட்டி கட்டுகிற அளவுக்கு ஒரு கூண்டைச் செய்து பின்னறை வாசலில் இறக்கினார். குட்டி அதன் நடுவில் சாக்கின் மேல் சுருண்டு படுத்தது. காலையில் சீனியம்மாள் பால் கிண்ணத்தோடு வந்தபோது கூண்டில் ஒரு கன்றுக்குட்டி அளவு நாய் அதே ரோஜா மூக்கோடு, அதே பால்குடி மறவாத முகத்தோடு எழுந்து நின்று வாலாட்டியது. வால் இரண்டு பக்கப் பலகையிலும் மாறி மாறித் தட்டியது.

அவள் அலறவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து நாயின் உயரத்தையும் கூண்டின் உயரத்தையும் பார்த்தாள், நீளத்தைப் பார்த்தாள், அது ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகிறதா என்று பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. விட்டு வைத்த இடத்தையெல்லாம் ஒரே ராத்திரியில் தீர்த்துவிட்டதே என்று மட்டும்தான் அவளுக்கு வருத்தம்.

நவநீதன் போனில் சிரித்தான். "பெரிய கூண்டு செஞ்சா மூலையில அசிங்கம் பண்ணும்னு சொன்னேன்ல அத்தை?"

"பண்ணலையேய்யா. மூலையே மிச்சமில்லையே."

அவன் ஏதோ அவசரமென்று போனை வைத்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள்தான் முதலில் வந்து பார்த்தவள். அவள் கூண்டைச் சுற்றி வந்து, "மைனி, இது சோத்துக்கு நாலு படி கேக்குமே, சின்னப் பெட்டியா வச்சுப் பாருங்க" என்று தன் வீட்டு அரிசிப் பெட்டியைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தாள். இத்தனை பெரிய உடம்பு அதற்குள் எப்படிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை, குட்டியும் யோசிக்கவில்லை. ரோஜா மூக்கை மட்டும் பெட்டிக்குள் நுழைத்துக் கண்ணை மூடியது, கண் விழித்தபோது வால் வரைக்கும் உள்ளே இருந்தது, அரிசிப் பெட்டிக்கு அளவான நாயாக. அன்றைக்கு ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலில் வந்து இறங்காத பெட்டி இல்லை. டிரங்குப் பெட்டி வந்தது, மாட்டுக்கொட்டகைத் தொட்டி வந்தது, கல்யாணச் சீரோடு வந்து யாரும் திறக்காத மரப்பெட்டி வந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து ஜாமெட்ரி பாக்ஸ் வந்து, அதற்குள் உறங்கி எழுந்த குட்டி கணக்குப் பாடத்தின் நடுவில் குரைத்ததால் பெஞ்சு முழுக்க வெளியே நின்றது. தீப்பெட்டி ஊரில் தீப்பெட்டியை விட்டுவைப்பார்களா? அதிலும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். வண்டு அளவு வெள்ளை நாய் ஒன்று தீப்பெட்டியின் ஓரத்தில் கால் வைத்து நின்று உலகத்தைப் பார்த்தது, பேச்சியம்மாளின் கோழி தலையைச் சாய்த்து அதைப் பார்த்தது, சீனியம்மாள் பாய்ந்து கையால் மூடிக்கொண்டாள். அன்றோடு தீப்பெட்டிக்குத் தடை. ஆசாரிமார்கள் உள்ளளவா வெளியளவா என்று சண்டை போட்டார்கள், பெண்கள் கஞ்சி கொண்டுவந்து ஊற்றினார்கள், ஆண்கள் "விரலுக்கேத்த வீக்கம்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்கள். எல்லோருக்கும் சீனியம்மாள் டீ போட்டாள். ஓசூருக்குப் போனவர்கள் விட்டுப்போன டம்ளர்களெல்லாம் பரணிலிருந்து இறங்கின. அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள், சந்தோஷத்தை மறைக்கவும் இல்லை. மிஷினை மிதிக்கும்போது பாட்டு வந்தது, விளக்குகளை அணைக்க மறந்துபோனாள்.

ஆனால் ஊர் ஒன்றைப் பழகிவிட்டால் அதை வேடிக்கை பார்க்காது, வேலை வாங்கும். களத்தில் தானியம் கிடந்த வீட்டுக்காரர்கள் குட்டியைப் பெரிய பெட்டியில் படுக்கவைத்துக் காவலுக்குக் கூட்டிப்போனார்கள். நோயில் கிடந்த பிள்ளையின் வீட்டுக்காரர்கள் அஞ்சறைப் பெட்டியில் படுக்கவைத்துத் தலைமாட்டில் விளையாட விட்டார்கள். மாமியார் வருகிற நாளில் மட்டும் பயமுறுத்துகிற அளவில் வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போன மருமகளும் உண்டு. ஒரு வீட்டுக்குப் போன குட்டி அங்கிருந்தே அடுத்த வீட்டுக்குப் போனது, அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள், இதற்கு வேலை இருந்தது, சீனியம்மாளைப் பார்க்கத்தான் நேரமில்லை. குட்டி இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்? டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே காய்ந்து கிடந்தன. எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசியில் குட்டி அவளிடம் வந்து சேரும் என்பது உண்மைதான், வரும்போது யார் யாரோ வேண்டிய அளவில் வரும், வந்ததும் அவள் காலடியில் களைத்துக் கிடக்கும்.

அப்படி வந்த ஒரு மத்தியானம் அவள் கடைக்குப் போயிருந்தபோது குட்டி திறந்து கிடந்த முன்கூடத்தில் போய்ப் படுத்து உறங்கிவிட்டது. அவள் திரும்பி வந்தபோது கூடம் நிறைந்திருந்தது. ஜன்னல் கம்பிகளின் வழியே வெள்ளை ரோமம் பிதுங்கிக்கொண்டிருந்தது, கதவு மூச்சுக்கு ஏற்ப முன்னும் பின்னும் அசைந்தது, அண்ணன் படமும் மைனி படமும் பிள்ளைகள் படமும் மாட்டியிருந்த சுவர் முழுவதும் இதமாகச் சூடேறியிருந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வீடு நிறைந்தது! சீனியம்மாள் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய நெஞ்சு துடிப்பதைக் கேட்டாள். உள்ளே போகலாம் என்று பார்த்தால் அவளுக்கு மட்டும் இடமில்லை. வெளியே நின்றபடியே பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் ஆசாரியைக் கூப்பிட்டு ஜன்னலோரம் மூக்கு இருக்கிற இடம் பார்த்து ஒரு சரக்குப் பெட்டியை வைக்கச் சொன்னாள். அடுத்த உறக்கத்தில் குட்டி அந்தப் பெட்டியின் அளவுக்கு வந்து சேர்ந்தது.

இந்தச் செய்தி தெருச் சங்கத் தலைவர் சோலையப்பன் காதுக்குப் போனது. கூடத்தில் படுத்தால் கூடம் அளவு என்றால், ஊருக்கு மேற்கே சும்மா கிடக்கிற தீப்பெட்டிக் கிட்டங்கியில் படுத்தால்? ஒரு காலத்தில் சரக்கு லாரிகள் உள்ளேயே போய்த் திரும்பிய அந்தக் கிடங்கை அவர் ஒருமுறை மனதுக்குள் சுற்றி வந்தார். மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்.

"திருட்டுப் பயம் கிடையாது, காட்டுப்பன்னி தொல்லை கிடையாது, நம்ம ஊருன்னா ஒரு பேரு இருக்கும். என்ன சொல்லுதீங்க?"

"அவ்வளவு பெருசு எதுக்கு அண்ணாச்சி? ஆட்டுக்கிடா அளவுல இருந்தாப் போதும், எல்லாரும் வச்சுக்கிடலாம்" என்றார் மூக்கையா ஆசாரி.

"பூனை அளவு. பால் ஒரு கிண்ணத்தோட முடிஞ்சிரும்" என்றாள் பேச்சியம்மாள்.

ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். முழத்திலும் சாணிலும் அடியிலும் சொன்னார்கள், கையை விரித்துக் காட்டிச் சொன்னார்கள். சோலையப்பன் கெட்ட மனுஷர் இல்லை. எல்லோரும் பேசி ஓய்ந்ததும் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சீனியம்மாளைப் பார்த்தார்.

"தாயி, குட்டி உன்னுது. நாளைக்கு ஒவ்வொருத்தன் ஒவ்வொரு அளவு கேட்டு அது உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஒரே அளவா முடிவு பண்ணிருவோம். உனக்கு என்ன அளவுல வேணும்னு நீ சொல்லிட்டா அதுக்கு மேல இங்க பேச்சில்லை. சொல்ல முடியலைன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிட்டங்கிக்குப் போகட்டும்."

நியாயமான பேச்சுதான். சீனியம்மாள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள். ஊரில் யாருடைய தோள் அளவும் இடுப்பு அளவும் அவளுக்குத் தெரியும், யார் எத்தனை வேண்டும் என்று கேட்டாலும் வெட்டித் தந்திருக்கிறாள், உனக்கு எவ்வளவு வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. பெரிதாக இருந்தால் வீட்டில் இடமில்லை. சிறிதாக இருந்தால் மிதித்துவிடுவோமோ என்று கால் கூசும். இரண்டுக்கும் நடுவில் எங்கே? கிட்டங்கிக்குப் போனால் அது அவள் வாசலுக்குள் திரும்பி நுழையவே போவதில்லை, எட்ட நின்று ஊரோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வரவேண்டியதுதான், பழையபடி விளக்குகளைப் போட்டு அணைக்கவேண்டியதுதான். அப்படியும் அவளால் ஓர் அளவு சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மிஷினைத் தொடவில்லை. சரக்குப் பெட்டியில் உறங்கி ஆட்டுக்கிடா அளவில் எழுந்து நின்ற குட்டியைக் கூட்டிக்கொண்டு ஊரணிக்கு அப்பால் உளுந்து பிடுங்கி முடிந்த கரிசலுக்குப் போனாள். அங்கே வேலி இல்லை, வரப்புகூடக் கால் பட்டுக் கரைந்திருந்தது, ஒரு பக்கம் வானம் இறங்கும் இடம் வரை கறுப்பு மண். கூண்டே இல்லாத இடத்தில் இது என்ன அளவு ஆகும் என்று அவள் பார்க்கவேண்டும். இதன் சொந்த அளவு தெரிந்தால் அதையே சொல்லிவிடலாம். சுவரில்லாத இடத்தில் உறங்கினால் பெருத்துப் பெருத்து, காடு முழுக்க ஆகி, பிறகு மேகம் மாதிரி தெரிந்தும் தெரியாமலும் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. போனால் போகட்டும், கிட்டங்கிக்குப் போவதற்கு அது மேல், அதன் இஷ்டத்துக்குப் போனதாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னது பொய் என்று குரலிலேயே தெரிந்தது.

தை மாதத்து வெயில் சுடாமல் காய்ந்தது. முந்தானையை மண்ணில் விரித்து அவள் படுத்தாள். குட்டி கொஞ்ச நேரம் வெட்டுக்கிளி துரத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அது உறங்கும்வரை விழித்திருக்கவேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள், கூட்டம் முடிந்ததிலிருந்து கண் மூடாததால் அதற்கு முன்னால் அவள் உறங்கிப்போனாள்.

கண் விழித்தபோது குட்டி இல்லை.

எழாமல் அப்படியே கிடந்து கண்ணை மட்டும் சுழற்றினாள். கறுப்பு மண், மேலே வானம், எங்கும் வெள்ளையாக எதுவுமில்லை. போய்விட்டது. இவ்வளவு பெரிய இடத்தில் இவ்வளவு பெரிதாகிப் போய்விட்டது, இனி எந்தப் பெட்டியை எங்கே கொண்டுபோய் வைத்து அதன் மூக்கைத் தேடுவது என்று நினைத்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு விசும்பல் கிளம்பியது. அந்த விசும்பலில் நெஞ்சு அசைந்தபோது முழங்கை மடிப்புக்கும் மார்புக்கும் நடுவே ஏதோ சூடாக, ஈரமாக, அவள் தோலை மோந்தது.

அசையாமல் குனிந்து பார்த்தாள். முழங்காலை வயிற்றோடு மடக்கி, இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து முறுக்கி, மோவாயைக் கை முட்டியில் பதித்து அவள் படுத்திருந்தாள். பல வருஷமாக அவள் உறங்குவது அப்படித்தான், பார்க்கத்தான் யாரும் இல்லை. அந்த முறுக்கிய கைக்கும் மார்புக்கும் இடையில் எவ்வளவு இடம் இருந்ததோ அவ்வளவுக்கு, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு, வெள்ளையாக, ரோஜா மூக்கோடு, குட்டி படுத்திருந்தது. அவள் உறங்கும்போது மூக்கை அங்கே நுழைத்து உறங்கியிருக்கிறது. இத்தனை பெரிய வெளியை விட்டுவிட்டு இந்த இடுக்கைத் தேடி வந்திருக்கிறது.

இவ்வளவுதானா என்னிடம் இருக்கிற இடம் என்று சீனியம்மாளுக்கு ஆற்றாமையாக வந்தது. வீடு பெரிது, ஆள் இல்லை என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறாள். அழுதாள், அழும்போதும் கை அசைந்து குட்டி நசுங்கிவிடக் கூடாதென்று மூச்சை அளந்து அளந்து அழுதாள். குட்டி ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மறுபடியும் கண்ணை மூடியது.

பொழுது சாயும் நேரத்துக்குச் சோலையப்பனும் மூக்கையா ஆசாரியும் பேச்சியம்மாளும் பின்னால் பாதித் தெருவும் அவளைத் தேடிக்கொண்டு கரிசலுக்கு வந்தார்கள். அவள் எழவில்லை.

"என்ன தாயி, இங்கன வந்து கிடக்க? குட்டியை எங்க?"

"உறங்குது அண்ணாச்சி. சத்தம் போடாதீங்க."

சோலையப்பன் சுற்றிலும் பார்த்தார். ஆசாரி குனிந்து அவள் கைமடிப்பைப் பார்த்தார், பலகை பார்க்கிற கண்ணால் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச்சியம்மாள் சீனியம்மாளின் கால்மாட்டில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"கிட்டங்கிக்கு வராது அண்ணாச்சி" என்றாள் சீனியம்மாள்.

"சரி. அப்போ அளவைச் சொல்லு."

"இப்போதைக்கு ரொம்பச் சின்னதாத்தான் இருக்கு. நாளாகும்."

சோலையப்பனுக்கு என்ன புரிந்ததோ, சரி என்று தலையை ஆட்டினார். குட்டி அசந்து உறங்கிக்கொண்டிருந்தது. சீனியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கையை மார்பிலிருந்து ஒரு விரற்கடை விலக்கினாள். அப்படியே கிடந்து பழகிப்போன கை தோள் வரைக்கும் வலித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு விரற்கடை விலக்கினாள்.